பராமரிப்பில் இறப்பு: பூஜ்யம்

கண்ணுசாமி ஆளைத் தூக்குகிற விதத்தைப் பார்த்துத்தான் அவரை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். நேர்முகத்தில் பேசியதை வைத்துப் பார்த்தால் அப்படியே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். "இந்த வேலைக்கு ஏன் வர்றீங்க?" என்று கேட்டதற்கு, "படகு இல்லீங்க" என்றார். அதோடு சரி.

எங்கள் நிறுவனம் அப்போது சின்னது. தஞ்சாவூரில் ஒரு மெடிக்கல் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறைகள். வீட்டில் படுக்கையாகக் கிடக்கும் முதியவர்களைக் கவனிக்க ஆள் அனுப்புவது தொழில். நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், அவர்கள் வேலை பார்க்கும் வீடுகளுக்கு வாரம் ஒருமுறை போய் நோயாளியைப் பார்ப்பதும் என் பொறுப்பு. பயிற்சிக்குப் பொம்மை வாங்க வசதியில்லை. அதனால் நோயாளியாக நானே கட்டிலில் படுத்துக்கொள்வேன்.

அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் என் அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தார்கள். வயதானவர்களை அப்படி இழுத்தால் தோள் நழுவிவிடும். கண்ணுசாமி மட்டும் என் முதுகுக்கு அடியில் கையை வைத்துவிட்டுச் சும்மா நின்றார்.

"என்ன யோசனை?" என்றேன்.

"மூச்சை விடுங்க சிஸ்டர். அப்புறம் தூக்கறேன்."

மூச்சை விட்டேன். விட்டு முடிப்பதற்குள் உட்கார்ந்திருந்தேன். எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டதற்கு, வலையை இழுப்பதும் அப்படித்தான் என்றார். அலையோடு மல்லுக்கட்டினால் கை போய்விடும், அலை தூக்கிக் கொடுக்கிற நேரம் பார்த்து இழுக்க வேண்டுமாம்.

அவருக்கு ஊர் மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குடியிருப்பு. கஜா புயலில் படகு போயிற்று. பிறகு மற்றவர்கள் படகில் கூலிக்குப் போனார். அந்தச் சமயம் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். மனைவி மீன் விற்கப் பட்டுக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போய்விடுவாள் என்பதால் அப்பாவைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் இவர்தான் செய்தார். அப்பா இறந்தபோது முதுகில் ஒரு புண்கூட இல்லை என்று அவர் மனைவி ஒருமுறை என்னிடம் சொன்னாள். கண்ணுசாமி சொல்லவில்லை. அவர் தன்னைப் பற்றி எதுவும் சொல்லிக்கொள்கிறவர் இல்லை.

நிறுவனத்தைத் தொடங்கிய மனோகரனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருடைய அம்மாவைக் கடைசிக் காலத்தில் கவனித்துக்கொண்டவள் நான். அந்த அம்மாள் தன் கட்டிலில், தலைமாட்டில் மகன் உட்கார்ந்திருக்க, நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். கருமாதி முடிந்த கையோடு மனோகரன் வந்து, "எல்லா அம்மாவுக்கும் இது கிடைக்கணும் சிஸ்டர். நீங்க கூட நின்னா நான் ஆரம்பிக்கறேன்" என்றார். நின்றேன். ஆகவே பின்னால் நடந்ததை யாரோ முன்பின் தெரியாதவர் செய்ததாக நினைத்து என்னால் சமாதானம் ஆக முடியவில்லை.

வீடுகள் கூடின. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊரில் இருக்கும் பெற்றோருக்காகக் கூப்பிட்டார்கள். யார் எங்கே என்ன செய்கிறார் என்று மனோகரனால் கவனிக்க முடியவில்லை. மோகனப்பிரியா என்ற பெண்ணைச் சென்னையிலிருந்து மேனேஜராகக் கொண்டுவந்தார். கெட்டிக்காரப் பெண். வேலையை அளக்க ஒரு திட்டம் போட்டாள். எல்லாருக்கும் போனில் ஒரு ஆப். உணவு எவ்வளவு உள்ளே போனது, சிறுநீர் எவ்வளவு, எத்தனை தடவை புரட்டிப் படுக்க வைத்தோம், தோல் எப்படி, வலி எப்படி என்று தினமும் பதிய வேண்டும். அதை வைத்து ஒவ்வொரு நோயாளியின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு வட்டம் பச்சையாகவோ மஞ்சளாகவோ சிவப்பாகவோ தெரியும். அலுவலகச் சுவரில் ஒரு டிவி மாட்டி எல்லா வட்டங்களையும் அதில் ஓடவிட்டாள்.

அளப்பதில் எனக்கு விரோதம் இல்லை. அளவுச் சீட்டு இல்லாத வார்டில் நான் வேலை பார்த்ததில்லை. முதல் வருஷம் அந்தத் திட்டம் நல்லதே செய்தது. யாருக்குப் படுக்கைப் புண் வரப் பார்க்கிறது என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. மஞ்சள் வட்டம் கண்டால் அந்த வீட்டுக்கு முதலில் போவேன்.

தொடக்கக் கூட்டத்தில் ஆட்கள் பயந்தார்கள். சிவப்பு வந்தால் சம்பளத்தைப் பிடிப்பீர்களா என்று ஒருவர் கேட்டார். மனோகரன் எழுந்து, "யாரையும் தண்டிக்க இது இல்லீங்க. எங்க ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சாத்தானே அடைக்க முடியும்? உள்ளதை உள்ளபடி போடுங்க. நான் பொறுப்பு" என்றார்.

கூட்டத்தில் தலையாட்டியவர்களில் அதை முழுசாக நம்பியவர் கண்ணுசாமி. பலர் சாயங்காலம் உட்கார்ந்து மொத்தமாக ஒரு உத்தேசத்தில் போட்டுவிடுவார்கள். இவர் அந்தந்த நேரத்துக்குப் போட்டுவிடுவார். எதற்கு இத்தனை மெனக்கெடல் என்று ஒருவன் கிண்டல் செய்தான். "படகுல ஆழம் காட்டுற மிஷின் இருக்கும்ல? அதுகிட்ட நாம பொய் சொல்ல முடியாது, நம்மகிட்ட அது பொய் சொல்லக் கூடாது. சொன்னா படகு மண்ணுல ஏறிடும்" என்றார்.

அவரைப் பூதலூர் பக்கம் துரைராசு வீட்டுக்கு அனுப்பினோம்.

துரைராசு நெல் விவசாயி. புது ஆற்றுப் பாசனத்தில் நல்ல நிலம், கட்டுமஸ்தான உடம்பு, பெரிய குரல். இதயம் பலவீனப்பட்டுச் சிறுநீரகமும் கைவிட்டபோது உடம்பு வற்றிப்போயிருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது. பெரிய மருத்துவமனையில், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்து வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மனைவி ராஜம்மாளுக்கு மூட்டுவலி, அவரைத் தூக்க முடியாது. ஒரே மகன் ராஜராஜன் ஆஸ்திரேலியாவில்.

முதல் நாளே துரைராசு கண்ணுசாமியை மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஊருடா?"

ஊரைச் சொன்னார்.

"கடைமடையா? எங்க வயலுக்குப் பாய்ஞ்சது போக மிச்சத் தண்ணிதானே உங்க பக்கம் வருது?"

"ஆமாங்கய்யா. நீங்க எவ்வளவு மறிச்சாலும் கடைசியில எங்க கடலுக்குத்தான் வந்தாகணும்."

துரைராசு சிரித்துவிட்டார். சிரித்ததில் இருமல் வந்து, கண்ணுசாமி முதுகைப் பிடித்து நிமிர்த்தி உட்கார வைத்தார். "உங்க கடல்ல ஒரு நாத்து நட முடியுமாடா?" என்று இருமலுக்கு நடுவே கேட்டார். "உங்க வயல்ல ஒரு வஞ்சிரம் புடிக்க முடியுமாங்க?" என்றார் இவர். அன்றிலிருந்து தினமும் இதேதான். நான் போகும்போதெல்லாம் சண்டை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ராஜம்மாள் எனக்குச் சொல்லுவார். "இன்னைக்கு நண்டுக்கும் நெல்லுக்கும் நடக்குது நர்சம்மா. நண்டு ஜெயிச்சிட்டிருக்கு."

துரைராசுவுக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. அவருடைய அண்ணன் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் இறந்தார். அந்த ஊரில், வெளியில் உயிர் போன உடம்பை வாசற்படி தாண்டி வீட்டுக்குள் எடுத்துப் போவதில்லை. தெருவில் ஷாமியானா போட்டு அங்கேயே வைத்து, அங்கேயே குளிப்பாட்டி, அப்படியே எடுத்துவிடுவார்கள். அண்ணன் தான் கட்டிய வீட்டுக்கு எதிரே தெருவில் கிடந்ததை இவர் பார்த்திருக்கிறார்.

ஒரு நாள் நான் பிரஷர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கண்ணுசாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏ கடல்காரா. என் உயிரு இந்தக் கட்டில்லதான் போகணும். என்னைத் தெருவுல போட்டுடாதீங்கடா."

"இங்கதாங்கய்யா இருப்பீங்க. நான் இருக்கேன்ல" என்றார் கண்ணுசாமி.

வாய்வார்த்தையாக அதை விட்டுவிடவில்லை. ராஜராஜனிடம் நானே போனில் பேசினேன். அவனும் சரி என்றான். மருத்துவமனைக்கு மாற்ற வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்பது நோயாளியின் விருப்பம் என்று ஆப்பிலும் போட்டேன்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. துரைராசு சாப்பாட்டைக் குறைத்தார். பிறகு கஞ்சி. பிறகு கஞ்சியும் வேண்டாம் என்றார். கால் வீங்கியது, சிறுநீர் சுருங்கியது. முடிவு நெருங்குகிறவர்களுக்கு இப்படித்தான் ஆகும். கண்ணுசாமி அத்தனையையும் பதிந்தார். வட்டம் மஞ்சளாகி, சிவப்பாகியது. அவர் அதைப் பார்த்துக் கலங்கவில்லை. சிவப்பு வந்தால் சிஸ்டர் சீக்கிரம் வருவார், வலி மருந்தைக் கூட்டுவார் என்பதுதான் அவருக்குத் தெரிந்தது. அப்படித்தான் நானும் போனேன். இன்னும் சில நாள்தான் என்று ராஜம்மாளிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவர் அழவில்லை. வெளியூர்ச் சொந்தங்களுக்கு எப்போது சொல்லி விடலாம் என்று கேட்டுக்கொண்டார்.

அந்த வாரம்தான் தஞ்சாவூரில் ஒரு ஹோட்டல் ஹாலில் நிறுவனத்துக்கு ஒரு விழா. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் பராமரிப்பை மொத்தமாக ஏற்பாடு செய்து கொடுக்கும் ஒரு பெரிய கம்பெனி எங்களோடு சேர்வதாக இருந்தது. அதன் ஆட்கள் வந்திருந்தார்கள். சிறந்த பராமரிப்பாளர் விருது கண்ணுசாமிக்கு. ஒரு நாள் விடாமல், ஒரு கட்டம் விடாமல் பதிந்தவர் அவர்தானாம்.

அவர் வரமாட்டேன் என்றுதான் சொன்னார். "அய்யா இருக்கற நிலைமையில நகர முடியாதுங்க" என்று மோகனப்பிரியாவிடம் சொல்லிவிட்டார். அப்புறம் மனோகரனே போன் செய்தார். "அரை நாள்தானே கண்ணுசாமி. மாத்து ஆள் அனுப்பறேன். நீங்க வரலைன்னா மேடையில எனக்கு அசிங்கமாப் போயிடும்." முதலாளி தன் வாயால் கேட்டதும் மறுக்க முடியவில்லை. துரைராசுவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினார். "போய்ட்டு வாடா. பொன்னாடையைக் கொண்டாந்து காட்டு" என்று அவர் அனுப்பி வைத்தாராம்.

மேடையில் மோகனப்பிரியா திரையில் எண்களைக் காட்டினாள். படுக்கைப் புண் குறைந்தது, கீழே விழுவது குறைந்தது. எல்லாம் உண்மை. நானும் கைதட்டினேன். அடுத்த வரி வந்தது: "பராமரிப்பில் இறப்பு: பூஜ்யம்."

கம்பெனி ஆட்கள் பலமாகத் தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. நாங்கள் கவனிப்பதே சாகப்போகிறவர்களை. அந்த வருஷம் போய்ச் சேர்ந்த எத்தனையோ பேர் எனக்குப் பழக்கம். அவர்களெல்லாம் எங்கே என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அதற்குக் கீழ் வரி தெரிந்தது: "மருத்துவமனைக்கு மாற்றப்பட்டவர்கள்." அங்கே இருந்தார்கள். கடைசி நாட்களில் திடீரென்று பிள்ளைகள் பயந்துபோய் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் அந்த வரியில் இருந்தார்கள். வார்டில் காய்ச்சல்காரர்களை எல்லாம் வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, இங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை என்று எழுதிக்கொள்வது போன்ற வேலை.

அந்த நேரத்தில்தான் கண்ணுசாமிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கீழே இறங்கி வந்து என் பக்கத்தில் உட்காருவதற்குள் அவருடைய போன் அடித்தது. ராஜம்மாள் கத்தியது எனக்கே கேட்டது.

"தம்பி, வண்டி கொண்டாந்து அவரைத் தூக்கறாங்கப்பா. நீ அனுப்பின ரிப்போர்ட்டைப் பாத்துத்தான் வந்தோம்ங்கறான். போனைத் தூக்கி மூஞ்சிக்கு நேரே காட்டறான். நீயாப்பா சொன்ன?"

"இல்லம்மா. நான் சொல்லலம்மா. வண்டிய எடுக்க விடாதீங்க, நான் வர்றேன்."

"சிவப்பாப் போட்டிருக்காமே. நீதானே போட்ட?"

கண்ணுசாமி போனைக் காதில் வைத்தபடியே வாசலை நோக்கி நடந்தார். போட்டவர் அவர்தான்.

இரண்டு பேரும் ஆட்டோ பிடித்தோம். வண்டி எந்த மருத்துவமனைக்கு வருகிறது என்று விசாரித்து அங்கே போவதற்குள் துரைராசுவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்க வைத்து, மூக்கில் குழாய் வைத்து, கையைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். செவிலியர் என்பதால் என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். கண் திறந்திருந்தது. என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கண்ணுசாமி நின்றிருந்தார், பொன்னாடையோடு. அதைக் கழற்ற வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

ராஜராஜனைக் கூப்பிட்டேன்.

"உங்கப்பா என்ன கேட்டாருன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் சிஸ்டர். ஆனா மேனேஜர் மேடம் அந்தச் சார்ட்டை அனுப்பினாங்க. எல்லாமே சிவப்பு. உங்க ஆள் போட்ட ரிப்போர்ட்தான், இப்ப அட்மிட் பண்ணலைன்னா நாளைக்கு நாங்க பொறுப்பில்லன்னு சொன்னாங்க. இவ்வளவு தூரத்துல உக்காந்துட்டு அதைப் பாத்துட்டு நான் என்ன பண்றது?"

"சாகப்போறவருக்குச் சிவப்பாத்தான் இருக்கும் தம்பி. இப்பவாவது வீட்டுக்கு அனுப்பச் சொல்லு."

 சரி என்றான். மருத்துவமனைக்காரர்களிடமும் பேசினான். எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறோம் என்று எழுதிக் கொடுக்கத் தாள் வந்தது. ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் துரைராசு போய்விட்டார். நான் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து கண்ணுசாமியிடம் சொன்னேன்.

"உள்ள வச்சேவா சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டார்.

தெருவில்தான் வைத்தார்கள். மழை விடவில்லை. ஷாமியானா நடுவில் தொங்கித் தண்ணீர் கோத்துக்கொண்டது. ஒருவர் கழியால் குத்திக் குத்தி அதைக் கொட்டிவிட, கண்ணாடிப் பெட்டியின் ஓரமாக ஓடியது. ராஜம்மாள் வாசற்படிக்கு உள்ளே உட்கார்ந்து, வெளியே கிடந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுசாமி பக்கத்தில் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"உன்னை எம்புள்ள மாதிரி விட்டுருந்தேன். எண்ணி எண்ணி எழுதினியே, இதுக்குத்தானா?" என்றார் ராஜம்மாள். கத்தவில்லை. சாதாரணமாகக் கேட்டார். கண்ணுசாமி பின்னால் நகர்ந்து வந்து மழையில் நின்றார். எடுக்கும் வரை ஷாமியானாவுக்குள் அவர் வரவில்லை.

மறுநாள் இருவரும் அலுவலகம் போனோம். டிவியில் துரைராசு பெயர் இன்னும் இருந்தது. வட்டம் பச்சை. "நிறைவு: வெற்றிகரமாக மாற்றப்பட்டார்."

மனோகரனிடம் நான்தான் பேசினேன். "வயசானவங்க வீட்டுல இறந்தா அதுல என்ன தப்பு?"

"தப்பே இல்லீங்க சிஸ்டர். ஆனா வெளிநாட்டுல இருந்து ஆள் தேடுறவங்க முதல்ல பாக்கறது அந்த எண்ணைத்தான். இவங்க கையில இத்தனை பேர் செத்தாங்கன்னு இருந்தா யார் வருவா? இத்தனை குடும்பம் இதை நம்பி இருக்கு."

"அதுக்காக உயிரு போற நேரத்துல வண்டியில ஏத்துவீங்களா?"

"ஆஸ்பத்திரிக்குத்தானே அனுப்பினோம். காட்டுக்கா அனுப்பினோம்?"

"உங்கம்மா எங்க இறந்தாங்க மனோகரன்?"

பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நின்ற மோகனப்பிரியா, "மேடம், இது பர்சனலா எடுத்துக்கற விஷயம் இல்ல. சிஸ்டம் அப்படி" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு அவ்வளவு மனம் வரவில்லை. அவள் எங்களிடம் எந்த வாக்கும் கொடுத்தவள் இல்லை.

கண்ணுசாமி முன்னால் வந்தார். "சார், ஒண்ணே ஒண்ணு. விழாவுக்கு என்னை வரச் சொல்லிப் போன் பண்ணீங்கல்ல. அப்ப வண்டி போகப்போறது உங்களுக்குத் தெரியுமா?"

"மோகனாதான் ஏற்பாடெல்லாம்..."

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியும்" என்றார் மனோகரன்.

படியிறங்கும்போது கண்ணுசாமி என்னிடம் கேட்டார். "நான் போட்டதுல ஒண்ணாவது பொய்யா சிஸ்டர்?"

"இல்ல."

"அப்பப் பொய்யாப் போட்டிருந்தா அவரு கட்டில்லயே போயிருப்பாரு."

 அவர் சொன்னது சரி.

ஏன் அன்றே வேலையை விடவில்லை என்று என்னைக் கேட்கலாம். விட்டால் அந்த வீடுகளுக்குள் யாரும் என்னை விடமாட்டார்கள். படுத்திருக்கிறவர்களை யார் பார்ப்பது? கண்ணுசாமிக்கும் சம்பளம் வேண்டும். இருவரும் இருந்தோம்.

ஆனால் விஷயம் எல்லா ஆட்களுக்கும் பரவிவிட்டது. அதற்குப் பிறகு டிவியில் சிவப்பே வரவில்லை. மஞ்சளும் அபூர்வம். எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டார்கள், எல்லாருடைய தோலும் நன்றாக இருந்தது. மோகனப்பிரியாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு இனி எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று தெரியவில்லை. ஒரு வீட்டில் பச்சை வட்டத்தை நம்பி ஒரு வாரம் தள்ளிப் போனேன். போர்வையை விலக்கினால் அந்த அம்மாவின் இடுப்பில் எலும்பு தெரிகிற புண். பார்த்துக்கொண்ட பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "உண்மையைப் போட்டா தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயந்தேன் சிஸ்டர்." நல்ல கருவி ஒன்று இருந்தது. அதை இப்படிக் கெடுத்துவிட்டார்களே என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத கோபம்.

கண்ணுசாமியை அடுத்துப் பட்டுக்கோட்டைக்கு அனுப்பினார்கள். குஞ்சிதபாதம் என்று ஒரு தென்னந்தோப்புக்காரர். வயிற்றில் புற்று, முற்றிவிட்டது. மகள் ஜெயபாரதி வேலைக்கு லீவு போட்டுக் கூடவே இருந்தாள். அவரும் கண்ணுசாமியிடம் அதையேதான் கேட்டார், தோப்புக்குள் இருக்கும் இந்த வீட்டை விட்டுக் கொண்டுபோகக் கூடாது என்று. கண்ணுசாமி துரைராசுவுக்குச் சொன்ன அதே பதிலைச் சொன்னார்.

நான் போன அன்று ஆப்பில் அவர் போட்டிருந்தது: காலை அரை இட்லி, கஞ்சி ஒரு டம்ளர், சிறுநீர் சரி. வட்டம் பச்சை. நோயாளியின் வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கு காய்ந்து ஒட்டியிருந்தது.

"அரை இட்லி சாப்பிட்டாரா கண்ணுசாமி?"

"சாப்பிட்டாருங்க" என்றார், என் கண்ணைப் பார்த்து. பிறகு போனைச் சமையலறையில் வைத்துவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார். "முந்தாநாள்லேருந்து ஒண்ணும் எறங்கல சிஸ்டர். பஞ்சு நனைச்சு ஒதட்டுல வைக்கறேன். வலி ஜாஸ்தியா இருக்கு. அதுக்கு மட்டும் ஏதாவது பண்ணுங்க."

வலி மருந்து எழுதும் டாக்டரிடம் நேரே பேசி அளவைக் கூட்டினேன். ஆப்பில் ஒன்றும் தொடவில்லை. குஞ்சிதபாதம் மறுநாள் காலை தன் கட்டிலில், மகள் மடியில் தலை இருக்க, கண்ணுசாமி காலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது போனார். நடுக்கூடத்தில் கிடத்தினார்கள். வெளியே தென்னைகளுக்கு நடுவே பந்தல் போட்டது வந்தவர்கள் உட்காருவதற்கு மட்டும்.

பச்சை வட்டத்திலிருந்து ஒரு நோயாளி நேராக இறந்துபோனார் என்றதும் அலுவலகம் அதிர்ந்தது. பூஜ்யம் ஒன்றாகிவிட்டது. புதுக் கம்பெனி விளக்கம் கேட்டது. விசாரித்தார்கள். ஜெயபாரதி, "எங்கப்பாவை இந்த அண்ணன் தெய்வம் மாதிரிப் பார்த்துக்கிட்டார்" என்று சொல்லிப் பார்த்தாள். அது எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை. தவறான தகவல் பதிந்ததற்காகக் கண்ணுசாமியை நீக்கினார்கள். கடிதத்தில் கையெழுத்து மனோகரனுடையது. எனக்குத் தெரிந்துதான் நடந்தது என்று நான் எழுதிக் கொடுத்தேன். என் கணக்கையும் முடித்தார்கள்.

இப்போது கண்ணுசாமி தனியாகத்தான் போகிறார். ஜெயபாரதி சொல்லி ஒரு வீடு, அந்த வீட்டார் சொல்லி இன்னொரு வீடு. வாராவாரம் நானும் போய்ப் பார்க்கிறேன். ஆப் கிடையாது. என்ன நிலைமை என்று நான் கேட்பேன், அவர் சொல்லுவார்.

துரைராசுவின் வருஷத் திதிக்கு எங்களை யாரும் அழைக்கவில்லை. போக வேண்டும் என்று கண்ணுசாமிதான் சொன்னார். வீட்டு வாசலில் சொந்தக்காரர்களின் வண்டிகள் நின்றன. ராஜம்மாள் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "நர்சம்மா, உள்ள வாங்க."

கண்ணுசாமியை அழைக்கவில்லை.

"நீங்க போங்க சிஸ்டர். நான் இங்கயே நிக்கறேன்" என்றார் கண்ணுசாமி. அவர் நின்ற இடம் அன்றைக்குப் பெட்டி இருந்த இடம்தான்.

உள்ளே போய் ராஜம்மாளுக்குப் பிரஷர் பார்த்தேன். பட்டியைச் சுற்றிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்: விழாவுக்கு அவரை ஏன் கூப்பிட்டார்கள், எண் யாருக்கு வேண்டியிருந்தது, பட்டுக்கோட்டையில் என்ன நடந்தது, வேலை எப்படிப் போனது. 

"அந்தத் தென்னந்தோப்புக்காரரை உள்ளதான் வச்சாங்களா?"

"உள்ளதான். நடுக்கூடத்துல."

"அவருக்காகப் பொய் சொன்னவன் எங்களுக்காகவும் சொல்லியிருக்கலாம்ல?"

"அப்ப அவருக்குத் தெரியாதும்மா. முதலாளியை நம்பினாரு."

"இப்பத் தெரிஞ்சு எனக்கு என்ன? எங்க வீட்டுக்காரரு தெருவுலதானே கிடந்தாரு நர்சம்மா."

 பட்டியைக் கழற்றி, உப்பைக் குறைக்கச் சொன்னேன். சாப்பாட்டுக்கு இலை போட ஆரம்பித்தார்கள். ராஜம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்து போய், வெளியே எட்டிப் பார்த்தார். வெயில் ஏறியிருந்தது. கண்ணுசாமி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"யாராவது அந்த நாற்காலிய எடுத்து வேப்பமரத்தடியில போடுங்க" என்றார் ராஜம்மாள். "எவ்வளவு நேரந்தான் நிப்பான்?"

ஒருவர் போட்டார். கண்ணுசாமி அதில் உட்கார்ந்தார். அவருக்கு இலையை அங்கேதான் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.